அடிபட்டு வந்த பூனை



திருவனந்தபுரம் கோட்டைக்குத் தென்கிழக்கே, ஆற்றை ஒட்டி அமைந்த கரமனையில், தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தெருக்கள் இருக்கின்றன. அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைச்சுவர் ஒன்றே. பழைய ஓட்டுக் கூரைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். மனிதருக்குத் தெரு வழி. பூனைக்குக் கூரை வழி. விளக்கேற்றும் வேளையில் கூரை ஏறும் பூனை, பால்காரர் வரும் வேளையில் இறங்கி வருகிறது. இடைப்பட்ட பத்து மணி நேரம் அது எங்கே இருந்தது, எதனோடு சண்டையிட்டது, எதைக் கண்டு ஓடியது என்பது வீட்டாருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழுவதில்லை. என்றோ ஒரு நாள் அது பின்கால்களை இழுத்துக்கொண்டு வந்து கொல்லைப்படியில் விழும்போதுதான் அந்தத் தேவை எழுகிறது.

கண்ணால் கண்டவர் எவரும் இல்லாத இத்தகைய காயத்தை மனிதர் காலந்தோறும் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள். சிறிய பொருள்தான். எனினும் சமயமும் சட்டமும் மருத்துவமும் இதனுள் வந்து கலந்திருக்கின்றன.

முதலில் நம் இலக்கியத்தைப் பார்ப்போம். பழந்தமிழில் பூனைக்கு வெருகு, பூசை என்னும் பெயர்கள் வழங்கின. வெருகைப் பூசை என்று சொல்லும் மரபைத் தொல்காப்பிய மரபியல் ஏற்கிறது. இப் பூசை என்னும் சொல் தமிழரின் பேச்சில் இன்று அருகிவிட்டது. ஆனால் கரமனையில் அடுத்த வீட்டு மலையாளி தம் பூனையை இன்றும் பூச்ச என்றுதான் அழைக்கிறார். நாம் ஏட்டில் தேடும் சொல் சில வேளை அண்டை வீட்டுச் சுவருக்கு அப்பால் கேட்கிறது.

குறுந்தொகையின் 107ஆம் பாட்டில், தன்னைத் துயிலெழுப்பிய சேவலைத் தலைவி சபிக்கிறாள். நள்ளிரவில் வீட்டெலியைப் பார்த்துக் காத்திருக்கும் இளவெருகுக்கு நீ இரையாகப் போவாயாக என்பது அச்சாபத்தின் கருத்து. புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர், பாரி நாட்டு முல்லை அரும்புக்கு வெருகுக் குட்டியின் கூரிய பல்லை உவமை கூறுகிறார். கம்பரோ, இராமகாதை பாடப் புகுந்த தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனையோடு ஒப்பிட்டு அவையடக்கம் கூறினார். மாமல்லபுரத்துப் பாறையில், 7ஆம் நூற்றாண்டுச் சிற்பி, ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் செதுக்கிவைத்தான். இரை பார்க்கும் பூனை, பல் காட்டும் பூனை, பேராசைப் பூனை, போலித்தவப் பூனை என இத்தனை பூனைகளைக் காண்கிறோம். அடிபட்ட பூனையை மட்டும் காணோம்.

காயம் பட்ட விலங்கைப் பழந்தமிழ்ப் புலவர் பாடவில்லை என்று இதனால் கருதிவிடலாகாது. முல்லைப்பாட்டில் நப்பூதனார் காட்டும் அரசன் பாசறையில் உறக்கமின்றிக் கிடக்கிறான். வேல் பாய்ந்த புண்ணின் வலியால் தன் பிடிகளையும் மறந்த களிற்றை நினைக்கிறான். அம்பு தைத்துச் செவி சாய்த்து, உணவு கொள்ளாமல் வருந்தும் குதிரையை நினைக்கிறான். இக்காட்சியில் ஒரு நுட்பம் உண்டு. விலங்கின் வலியைப் புலவர் அதன் கதறலில் காட்டவில்லை, உண்ணாமையில் காட்டுகிறார். இன்றைய கால்நடை மருத்துவரும் முதலில் கேட்கும் கேள்வி, சாப்பிடுகிறதா என்பதுதான். ஆயினும் அந்த யானையும் குதிரையும் போருக்கு உரியவை. அரசன் கவலையில் அன்பும் உண்டு, படைக்கணக்கும் உண்டு.

இந்திய விலங்கு மருத்துவ நூல்களும் இவ்வழியே சென்றன. குதிரைக்குச் சாலிஹோத்திரர் பெயரால் நூல் வழங்குகிறது. யானைக்குப் பாலகாப்பியர் பெயரால் வழங்குகிறது. தமிழில் மாட்டு வாகடச் சுவடிகள் பல. பூனை உழாது, தேர் இழுக்காது, போருக்கும் போகாது. ஆகவே அதற்கு ஏடெழுத எவரும் ஆணி எடுக்கவில்லை போலும்.

இப்போக்கிற்கு மாறாக ஒரு பழைய குரல் கேட்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தம் நாட்டிலும் எல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளிலும் இருவகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்ததாகக் கூறுகிறது: ஒன்று மனிதருக்கு, மற்றொன்று விலங்குக்கு. மூலிகை இல்லாத இடங்களுக்கு மூலிகை கொண்டுவந்து நடச் செய்தார். எல்லைக்கு அப்பால் என்று அவர் பட்டியலிடும் பெயர்களில் சோழரும் பாண்டியரும் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் உள்ளனர். ஆக, கேரளம் என்ற பெயர் கல்லில் ஏறிய மிகப் பழைய இடங்களுள் ஒன்று, விலங்கு மருத்துவம் பற்றிய அறிவிப்பாக இருக்கிறது. இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல். அக்கல்வெட்டின் பிராகிருதத்தில் விலங்கைக் குறிக்கும் சொல் பசு. தமிழ்க் காது அதனை உடனே ஆவினம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் பூனை வெளியே நின்றுவிடும். வடமொழியிலும் பிராகிருதத்திலும் பசு என்பது விலங்குக்குப் பொதுப்பெயர். அசோகரின் மருத்துவச்சாலைக் கதவு பூனைக்கும் திறந்திருந்தது என்று கொள்ள இச்சொல் இடந்தருகிறது. பூனை அதனுள் சென்றதா என்பதற்குச் சான்று இல்லை.

சான்று கிடைப்பது கடலுக்கு அப்பால். எகிப்தின் செங்கடற் கரையில் பெரெனிகே என்றொரு பழந்துறைமுகம் இருந்தது. சேரநாட்டு முசிறியிலிருந்து மிளகு ஏற்றிச் சென்ற மரக்கலங்கள் அடைந்த துறைகளுள் அதுவும் ஒன்று. அங்குள்ள செராபிஸ் கோயில் முற்றத்தில் ஓர் இந்தியத் தாழியில் ஏழரைக் கிலோ அளவுக்குக் கருமிளகு கண்டெடுக்கப்பட்டது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடும் அங்கே கிடைத்தது. அவ்வூரின் குப்பைமேட்டுக்கு அடியில் ஆய்வாளர்கள் மற்றொன்றைக் கண்டனர். கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளைச் சேர்ந்த செல்லப் பிராணிகளின் இடுகாடு அது. போலந்து நாட்டு ஆய்வாளர் மார்த்தா ஒசிபின்ஸ்காவும் அவர் குழுவினரும் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி அங்கே கிடைத்த விலங்குகள் 585. அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் பூனைகள். சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டை இருந்தது. சிலவற்றுக்குக் கண்ணாடி மணியும் சங்கும் கோத்த மாலை அணிவித்திருந்தனர். எகிப்தில் வேறிடங்களில் தெய்வத்துக்குப் படைப்பதற்கெனப் பூனைகளைக் கொன்று பதப்படுத்தினார்கள். பெரெனிகேயின் பூனைகள் அவ்வாறு பதப்படுத்தப்பட்டவை அல்ல. துணியிலோ பானை ஓட்டின் அடியிலோ, உறங்கும் கோலத்தில் அவை கிடத்தப்பட்டிருந்தன.

இனி நம் பொருளுக்கு வருகிறேன். அப்பூனைகளுள் சிலவற்றின் கால் எலும்புகள் முறிந்திருந்தன. காரணம் என்ன? உயரத்திலிருந்து விழுந்திருக்கலாம், குதிரை உதைத்திருக்கலாம். இவ்வளவே ஆய்வாளரால் கூற முடிந்தது. அன்று அப்பூனையின் வீட்டாரும் இதற்குமேல் அறிந்திருப்பார்களா என்பது ஐயமே. பொதி இறங்கும் துறைமுகத் தெருவில் இரவில் என்ன நடந்தது என்று யார் கண்டார்? ஆனால் பல் விழுந்து, மூட்டுத் தேய்ந்து, ஓட முடியாத நிலையிலும் உயிரோடிருந்த நாய்கள் அவ்விடுகாட்டில் உள்ளன. தாமே இரை தேட இயலாத அவற்றுக்கு யாரோ உணவு குழைத்து ஊட்டியிருக்க வேண்டும். பாலைவனத்தின் விளிம்பில், நல்ல தண்ணீரையே வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய ஊரில், வேலைக்கு உதவாத பிராணிக்குச் சோறிட்டவர்கள் இருந்தார்கள். என் வரையில், மிளகைவிட இச்செய்தி பெரிதாகத் தோன்றுகிறது.

அதே எகிப்தில் பூனையின் காயத்துக்கு வேறொரு முகமும் இருந்தது. கி.மு. 60ஐ ஒட்டி அங்கே சென்ற தியோதோரஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் தாம் நேரில் கண்ட நிகழ்ச்சியை எழுதிவைத்தார். உரோமர் ஒருவர் ஒரு பூனையைக் கொன்றுவிட்டார், தெரியாமல் நேர்ந்தது. மக்கள் திரண்டு அவர் வீட்டைச் சூழ்ந்தனர். உரோமின் பகைக்கு அஞ்சிய அரசன் தன் அலுவலரை அனுப்பியும் அவரைக் காக்க இயலவில்லை. அவர் மேலும் ஒன்று கூறுகிறார். வழியில் செத்த பூனையைக் கண்ட எகிப்தியர் தொலைவிலேயே நின்று, நான் வரும்போதே இது செத்துக் கிடந்தது என்று அழுது கூவுவார்களாம். காரணம் தெரியாத காயம் எங்கே கிடக்கிறதோ, அங்கே அருகில் நிற்பவன்மேல் பழி விழுகிறது. இந்த அச்சம் எகிப்தோடு போய்விடவில்லை.

நம் நாட்டில் இவ்வச்சம் பாவம் என்னும் வடிவில் வந்தது. பூனையைக் கொன்றால் பொன்னாற் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளில் வழங்கியது. இந்தி எழுத்தாளர் பகவதி சரண் வர்மா இதனை வைத்துப் பிராயச்சித்தம் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுகதை எழுதினார். வட நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அது நன்கு தெரிந்த கதை. பால் திருடும் பூனைமீது வீட்டின் இளம் மருமகள் பலகையை வீசுகிறாள். பூனை அசைவற்று விழுகிறது. புரோகிதர் வருகிறார். 21 தோலாவில் தொடங்கிய பேரம் 11 தோலாப் பொன்னில் முடிகிறது. அந்நேரம் வேலைக்காரி ஓடிவந்து, பூனை எழுந்து ஓடிவிட்டது என்கிறாள். கதை அத்தோடு முடிகிறது. எல்லோரும் சிரிக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அவ்வளவு நேரமும் அவ்வீட்டில் ஒருவராவது பூனையின் அருகில் சென்று மூச்சு வருகிறதா என்று பார்க்கவில்லை.

பாவத்துக்கு எடை உண்டென்றால் சட்டத்துக்கு விலை உண்டு. வேல்ஸ் நாட்டில் 10ஆம் நூற்றாண்டு மன்னர் ஹைவெல் பெயரால் வழங்கும் சட்டத்தில் பூனைக்கு விலை குறித்திருந்தார்கள். கண் திறவாத குட்டி ஒரு பென்னி, எலி பிடிக்கத் தொடங்கும்வரை இரண்டு, அதன்பின் நான்கு. நம் நாட்டில் 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் இதே நோக்கில் அமைந்தது. அதன் 428ஆம் பிரிவு, பத்து ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள விலங்கைக் கொல்வதையும் நஞ்சிடுவதையும் ஊனப்படுத்துவதையும் குற்றமாக்கியது. 429ஆம் பிரிவு யானை, ஒட்டகம், குதிரை, எருமை, காளை, பசு ஆகியவற்றை எவ்விலையாயினும் காத்தது. ஏனையவை ஐம்பது ரூபாய் பெற வேண்டும். இவ்விரு பிரிவுகளும் உடைமைக்குக் கேடு விளைத்தல் பற்றிய பகுதியில் இருந்தன என்பதை நோக்குக. ஊனம் பூனைக்கு, நட்டம் உடையவனுக்கு. வழக்கு நட்டத்தைப் பற்றியது. தெருவில் பிறந்து, தானாகவே ஒரு வீட்டை ஏற்றுக்கொண்ட நாட்டுப் பூனைக்குப் பத்து ரூபாய் விலை என்று எந்த வணிகன் சான்று தருவான்?

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். பரதக் கலைக்கு அவர் ஆற்றிய தொண்டை எல்லோரும் அறிவர். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கத் தனியுறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கூறியதன்பேரில் அதனைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக வந்தது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962இல் சென்னையில் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். விலங்கின் வலியே அதற்கு எதிரான குற்றம் என்ற கருத்து அச்சட்டத்தால் உறுதிப்பட்டது. முதற் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பதைத் தாண்டாமலும் இருந்ததை எண்ணினால் சற்றே சோர்வுதான் வருகிறது.

2021 ஜூன் இறுதியில், கரமனையிலிருந்து அதிகத் தொலைவில்லாத அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் அச்செய்தியைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, அவ்வழக்குக்கு அந்த நாயின் பெயரையே சூட்டச் செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் பத்து ரூபாய்க் கணக்கு இல்லை. எந்த விலங்கை ஊனப்படுத்தினாலும் ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. ஆனால் எந்தப் பிரிவாயினும், செய்தவன் இன்னான் என்று காட்டினாலன்றி நடவாது. கூரைமேல் இரவில் நடந்ததற்குச் சாட்சி ஏது? ஆகவே நாம் மருத்துவத்திடம் போக வேண்டியிருக்கிறது.

விலங்கு மருத்துவம் தனிக் கல்வியாக மலர்ந்தது 1761இல் பிரான்சின் லியோன் நகரில். மாட்டுக் கொள்ளைநோயும் படைக்குதிரையுமே அதற்குத் தூண்டுகோல். இந்தியாவிலும் அவ்வாறே. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. கேரளத்துக்குத் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955இல் கல்லூரி வந்தது. கால்நடை என்ற பெயரே உழவனின் தொழுவத்தைச் சுட்டுகிறது. மேலை நாடுகளிலும் பூனையைச் சிறிய நாயாகக் கருதியே நெடுங்காலம் மருந்தளித்தனர். அதன் உடல்முறை வேறு என்ற தெளிவு 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. இங்கிலாந்தில் பூனை நலத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் கழகம் ஏற்பட்டது 1958இல்.

அதற்கு ஒன்பது ஆண்டு முன்னர் ஒரு பூனை உலகப் புகழ் பெற்றிருந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் அமெதிஸ்ட், 1949 ஏப்ரல் 20இல் சீனாவின் யாங்சீ ஆற்றில் பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தலைவர் அறையில் இருந்த சைமன் என்னும் கறுப்பு வெள்ளைப் பூனையின் முகம் தீய்ந்தது. உடலிலிருந்து நான்கு குண்டுச் சில்லுகள் எடுக்கப்பட்டன. இரவு தாங்காது என்றார்கள், தாங்கியது. ஆற்றில் முடங்கிய கப்பலில் எலிகள் பெருகி உணவைத் தின்னத் தொடங்கியபோது, சைமன் மீண்டும் வேட்டைக்குப் போயிற்று. கப்பல் தப்பித் தாய்நாடு திரும்பியபின், நோய்த்தடுப்புக் காவலில் இருக்கையில் 1949 நவம்பர் 28இல் இறந்தது. விலங்கின் வீரத்துக்கென வழங்கும் டிக்கின் பதக்கத்தைப் பெற்ற ஒரே பூனை அது. சைமனின் காயத்துக்குக் காரணம் ஊரறிந்தது. அதனால்தான் அதற்குப் பதக்கம் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

காரணம் அறியாத காயத்தைப் படிக்கும் கலை மெல்ல வளர்ந்தது. நியூயார்க் நகரின் விலங்கு மருத்துவமனை ஒன்றில் 1984இல் ஐந்து மாத காலத்தில், மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் கொண்டுவரப்பட்டன. அவற்றைப் பற்றிய ஆய்வு 1987இல் வெளிவந்தது. சராசரி வீழ்ச்சி ஐந்தரை மாடி. சிகிச்சை பெற்றவற்றுள் பத்தில் ஒன்பது பிழைத்தன. ஏழு மாடிக்கு மேலிருந்து விழுந்தவற்றுக்குக் காயம் குறைவு என்றொரு வியப்பான முடிவும் அதில் இருந்தது. இதனை அப்படியே நம்புதற்கில்லை. விழுந்த இடத்திலேயே மாண்ட பூனையை எவரும் மருத்துவமனைக்குத் தூக்கிவருவதில்லை; அது கணக்கில் வராது. ஆயினும் அவ்வாய்வு ஒரு பயனைத் தந்தது. விழுந்த பூனையின் காயம் மார்பு, தாடை, கால்கள் என்று ஓர் ஒழுங்கில் அமைகிறது. வண்டியில் அடிபட்ட பூனையோ தன் நகங்களில் சான்று வைத்திருக்கிறது: தார்ச்சாலையைப் பற்றிக்கொள்ள முயன்றதால் அவை பிசிறு பிசிறாகத் தேய்ந்து கிழிந்திருக்கும். மயிரில் எண்ணெய்க் கறை இருக்கும். நாய் கவ்வியிருந்தால் வெளியே சிறு துளைகள், உள்ளே பெரும் சிதைவு. மற்றொரு பூனை கடித்த புண் முதல் நாள் கண்ணுக்கே படாது. சில நாள் கழித்துச் சீழ்க்கட்டியாக எழும். வாலை யாரேனும் பிடித்து இழுத்தாலோ, சக்கரம் ஏறினாலோ, வாலடி நரம்பு அறுந்து சிறுநீர் கழிக்கும் ஆற்றலே போய்விடும்.

கரமனையில் எங்கள் தெருவில், எதிர்வீட்டு மாமி வளர்த்த சாம்பல் வரிப்பூனைக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். மழைக்கால விடியலில் அது கொல்லைப்புறத்து மதிலடியில் கிடந்தது. இடுப்பு எழவில்லை. வாயோரம் சிறிது இரத்தம். மாமிக்கு ஐயமே இல்லை. "ஆரோ அடிச்சிருக்கா. இல்லேன்னா இப்படி ஆகுமோ?" என்றார். அந்த ஆரோவுக்குச் சில மணி நேரத்தில் முகமும் கிடைத்துவிட்டது. பின்மதிலுக்கு அப்பால் குடியிருந்த குடும்பத்துக்கும் அப்பூனைக்கும் மீன் காரணமாகப் பழைய மனத்தாங்கல் இருந்தது. நண்பகலுக்குள் இரு வீட்டுப் பேச்சும் நின்றது.

மருத்துவர் பூனையின் நகங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பிசிறில்லை. கடித்த துளை இல்லை. மயிரில் கறை இல்லை. படம் எடுத்ததில் இடுப்பெலும்பில் முறிவு தெரிந்தது. கூட்டு மூட்டு தப்பியிருந்தது. வாலில் உணர்ச்சி இருந்தது; சிறுநீர் தானே பிரிந்தது. வண்டி அன்று என்று அவர் ஏறக்குறைய உறுதியாகச் சொன்னார். மழையில் பாசி பிடித்த ஓட்டிலிருந்து வழுக்கி மதில்மேல் விழுந்திருக்கலாம். தடியால் அடிபட்டிருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் இல்லை என்பதே அவர் கூற்று. இந்த நேர்மை மாமிக்குப் பிடிக்கவில்லை. இத்தனை படித்தவருக்கு இது தெரியாதா என்று என்னிடம் குறைப்பட்டார். நான் அந்த மருத்துவரை மதித்தது அவ்விடத்தில்தான். இரண்டாயிரம் ஆண்டாக எலும்பின் அருகில் நின்றவர்கள் சொல்லத் தயங்கிய சொல் அது.

அறுவை வேண்டியதில்லை, சிறைதான் மருந்து என்றார். ஆறு வாரம் ஒரு கூண்டில் இருக்க வேண்டும், தாவக்கூடாது. கைமருந்து எதுவும் கூடாது, குறிப்பாக மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு என்று எச்சரித்தார். அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு; ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும். புண்ணில் ஊற்றும் கிருமிநாசினிகளிலும் பல அதற்கு ஆகா. மற்றொன்றும் சொன்னார், அதனை நேயர்களும் மனத்திற்கொள்ள வேண்டும். காரணம் தெரியாத காயத்தில் வெறிநாய்க் கடி ஒளிந்திருக்கக்கூடும். அடிபட்ட பூனை வலியில் நம்மைக் கடித்தாலோ கீறினாலோ, அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும். நம் பூனைதானே என்னும் அன்பு இவ்விஷயத்தில் உதவாது.

பூனையின் எலும்பு எளிதிற் கூடும் என்பது மருத்துவர் வட்டாரத்தில் வழங்கும் நம்பிக்கை. பூனை எழுப்பும் குறுகுறு ஒலியின் அதிர்வே எலும்பைக் கூட்டுகிறது என்று எழுதினோரும் உண்டு. அது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. முல்லைப்பாட்டுக் குதிரையைப் போல இதுவும் உண்ண மறுத்தது. சில நாள் தொடர்ந்து உண்ணாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு நிறைந்து, முறிவிலிருந்து தப்பியதும் பட்டினியால் மாளும். தயிர்ச்சாதத்தை அது முகர்ந்தும் பார்க்கவில்லை. பாலையும் தொடவில்லை. மூன்றாம் நாள் மருத்துவர், மீன் கொடுத்துப் பாருங்கள் என்றார்.

மாமியின் வீட்டில் மீன் நுழைந்ததில்லை. அவ்வளவு காலமும் அப்பூனை தன் மீனை எங்கே உண்டது என்பது எல்லோருக்கும் தெரியும். எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று மாலை பின்மதிலுக்கு அப்பாலிருந்து, அவித்து முள்ளெடுத்த சாளை மீன் ஒரு வாழையிலைத் துண்டில் வந்தது. கேட்டு வந்ததா, கேளாமல் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கூண்டு கொல்லைத் தாழ்வாரத்திலிருந்து மதிலடிக்கு மாறியது. மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, அவ்வீட்டுச் சிறுவன் கம்பியிடையே விரலை விட்டு ஊட்டினான். பூனை தின்றது.

ஆறு வாரத்துக்குப் பின் கூண்டு திறக்கப்பட்டது. இப்போது அது நடக்கும்போது இடுப்பு சற்று இடப்பக்கம் சாய்கிறது. ஓட்டுக் கூரைக்கு ஏறுவதில்லை, மதில்வரை ஏறுகிறது. மாலையில் சாளை பொரிக்கும் மணம் வரும் வேளைக்கு அம்மதிலின் மேல் அமர்ந்திருக்கும். ஆரோ அடித்தார்கள் என்றுதான் மாமி இன்றும் கூறுகிறார். அந்த ஆரோவுக்கு இப்போது முகம் இல்லை.